வன்னி உணவு மரபு

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து மேற்குப் பகுதியிலுள்ள துணுக்காயையும் அதனை அடுத்த மல்லாவி, மாங்குளம் முதலிய ஊர்களையும் உள்ளிட்ட வன்னிப் பெருநிலத்தில், குளத்து நெல்லையும் காட்டு விளைவையும் ஆதாரமாகக் கொண்டு வளர்ந்து, வழிபாட்டினாலும் பின்னாளில் யுத்தத்தினாலும் உருப்பெற்ற உணவு முறை.

மாரி மழையைக் குளங்களில் தேக்கிக் காலபோகமும், நீர் எஞ்சுமாயின் சிறுபோகமும் விளைவிப்பது இந்நிலத்தின் புராதன வழக்கம். பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் எல்லாள மன்னன் காலத்தது என்பது ஐதிகம். காடு மூடிக் கிடந்த அது 1950களில் புனருத்தாரணம் செய்யப்பட்டபின், புதிய குடியேற்றங்கள் தோன்ற, யாழ்ப்பாணத்தார் கொணர்ந்த ஒடியற் கூழும் வன்னியாரின் குரக்கன் பிட்டும் அயலடுப்புகளில் வெந்தன. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் ஆகிய நெல்லினங்கள், எருமைத் தயிர், தேன், இறைச்சி வத்தல், கோடையில் பழுக்கும் பாலைப்பழம், குளத்து விரால் ஆகியன பழைய உணவில் பிரதானமானவை. 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா, ‘ஜப்பான் மீன்’ என்ற பெயரோடு பிற்காலத்தில் சட்டியேறியது.

இவ்வுணவின் ஜீவன் அதனைப் பகிரும் முறையிலேயே விளங்குகின்றது என்று கூறத் துணியலாம். புதிதாய் அறுத்த நெல்லைக் குற்றி, தெய்வத்துக்குப் புக்கையாக (பொங்கலாக) படைத்து, சுற்றத்தாரோடு புதிர் எனப்படும் புத்தரிசிச் சோறு உண்ட பின்னரே அவ்விளைவு வீட்டுக்கு உரியதாகும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதியில் கடல்நீரில் விளக்கெரியும் பொங்கலுக்கு, பெருநிலத்தின் பல திசைகளிலிருந்தும் மக்கள் திரள்வர். அங்கே பானையில் ஏறும் அரிசி, எவர் வயலில் விளைந்ததாயினும், எல்லார்க்கும் பிரசாதமாகின்றது.

உள்நாட்டு யுத்தத்தின்போது, 1990களில் அரசு விதித்த பொருளாதாரத் தடை அடுப்பைச் சுருக்கிற்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யுத்தம் நெருங்க, துணுக்காய், மல்லாவி மக்கள் விளைநிலத்தையும் வீட்டையும் விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்து, மாவட்டத்தின் மறுகோடியாகிய முள்ளிவாய்க்கால் கடற்கரையில் 2009 மே மாதம் வரை நெருக்குண்டனர். நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற நிலத்தின் மக்கள், அரிசியும் நீரும் உப்புமன்றி வேறொன்றும் சேராத கஞ்சிக்கு எறிகணைகளுக்கிடையே வரிசையில் நின்றனர். பிள்ளைகள் பலர்க்கு அக்கஞ்சியே நாளின் ஒரே ஆகாரமாயிருந்தது.

பின்னாளில் அதன் நினைவாக ஆண்டுதோறும் மே 12 முதல் 18 வரை, வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரங்களிலும் ஆலய முன்றில்களிலும் கஞ்சி காய்ச்சி, வழிப்போக்கர்க்குச் சிரட்டையிலும் கோப்பையிலும் வார்க்கின்றனர். புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளிலும் இது நிகழ்கின்றது. புக்கையில் சேரும் பாலும் சர்க்கரையும் இக்கஞ்சியில் வேண்டுமென்றே விலக்கப்படுகின்றன. அந்நாளைய நாவின் அனுபவத்தை அப்போது பிறவாத தலைமுறையினர்க்கும் கையளிக்கும் இச்செயலை, வன்னியாரின் சரித்திர ஏடாகவே கொள்ளல் தகும். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி வழங்கிய பெண்கள் உள்ளிட்டோர் அதன்பொருட்டுக் கைது செய்யப்பட்டனர்; ஆயினும் அடுத்த ஆண்டும் மே மாதத்தில் கஞ்சி வார்க்கப்பட்டது.