ஏறும் களமும்

ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றியது 1638ஆம் ஆண்டில். ஒன்பது ஆண்டுகளின் பின், 1647ஆம் ஆண்டளவில், அவர்தம் தாயகத்திலே பௌலுஸ் பொற்றர் என்னும் இளம் ஓவியர் ஒரு காளையைத் தீட்டினார். மன்னர்க்கும் சமயக் காட்சிக்கும் பெரும்பாலும் உரியதாயிருந்த பேரளவுத் திரையில் ஏறு நிற்கின்றது, பசு படுத்திருக்கின்றது, அருகே ஆடுகள், மரத்தின் பின்னே முதிய இடையர். படை நடத்தியோர்க்கு உரிய பெருமையைத் தொழுவத்துக்கு அளித்தமையே அவ்வோவியத்தின் சிறப்பு. 1795இல் பிரெஞ்சுப் படையினர் அதனைப் பாரிசுக்குக் கொண்டு சென்றனர்; 1815இல் அது மீண்டது. இன்று ஹேக் நகரக் காட்சிச்சாலையில் உள்ளது.

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று வட்டைகளிலும் இத்தகைய அமைதியான காட்சி ஒன்று இருந்தது. சூட்டைச் சரித்துக் கதிர் பரப்பிய களத்தில் எருமைகள் சுற்றிச் சுற்றி மிதிக்கும். தூற்றிய பின் போடியார் முன்னே பொலி குவியும். தமிழரும் முஸ்லிம்களும் அறிந்த அக்களத்தை உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் மறைத்துவிட்டன. எஞ்சியவை பொலிப்பாட்டும் சூடு, பொலி முதலிய சொற்களுமே.

கோட்டை பிடித்த கதையை அரசாங்க ஏடுகள் காத்துக்கொள்ளும். களத்தின் கதையைக் காப்பார் யார்? களம் மிதித்த முதியோர் நம்மிடையே வாழும்போதே அவர்தம் சொல்லைக் கேட்டு எழுதியும், காட்சியைத் தீட்டியும் வைத்தல் கற்றோர் கடனாம்.