நுரையில் மறைந்த நஞ்சு

காலையில் கண்ணாடி முன் நின்று, பிரஷை வெந்நீரில் நனைத்துச் சோப்பின்மேல் சுழற்றி, முகமெங்கும் நுரை பூசிக்கொள்ளும் ஆடவர் எவரும் அதை வரலாற்றோடு தொடர்புடைய செயலாக எண்ணுவதில்லை. மன்னர்தம் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் விரித்தெழுதும் வரலாற்று நூல்களும், குளியலறை மாடத்தில் கிடக்கும் சிறு பொருள்களைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் முதல் உலகப் போர்க் காலத்தில் இச்சிறு பிரஷ் நூற்றுக்கணக்கானோரைக் கொடிய நோயில் வீழ்த்தியது. ஒரு பேரரசு தன் துறைமுகங்களில் அதற்குத் தடை விதிக்கவும் நேர்ந்தது. அக்கதையை ஈண்டுக் காண்போம்.

நாவிதர் கையிலிருந்து நம் கைக்கு

நுரை எழுப்பி மழித்தல் நெடுங்காலம் நாவிதர் தொழிலாகவே இருந்தது. ஐரோப்பிய நாவிதர், கழுத்தில் பொருந்துமாறு விளிம்பில் பிறைபோல் வெட்டப்பட்ட பித்தளை வட்டிலைப் பயன்படுத்தினர். 1605இல் வெளிவந்த செர்வாண்டிஸின் 'டான் கிஹோட்டே' நாவலின் தலைவன், மந்திரத் தலைக்கவசம் என மயங்கிக் கைப்பற்றுவது இத்தகைய வட்டிலையே. அந்நாவிதரே புண்ணை அறுத்துக் கட்டும் வைத்தியராகவும் விளங்கினர். லண்டனில் அறுவை மருத்துவர்கள் நாவிதர் சங்கத்தினின்றும் பிரிந்து தனிச் சங்கம் கண்டது 1745இல்தான். தமிழகத்திலும் நாவிதர் குலத்தார்க்கு 'மருத்துவர்' என்னும் பெயர் வழங்குவதையும், அக்குல மகளிர் பேறுகாலம் பார்த்து வந்ததையும் நாம் அறிவோம். கத்தியும் மருந்தும் ஒரே பெட்டியில் இருந்த காலம் அது.

தமக்குத் தாமே சவரம் செய்துகொள்ளும் வழக்கம் பையப் பையப் பரவியது. பாரிசு நகரக் கத்தித் தொழில் வல்லுநர் ழான் ழாக் பெரே, அக்கலையைக் கற்பிக்க 1769இல் ஒரு நூலே எழுதினார். அமெரிக்கரான கில்லெட், மெல்லிய பிளேடு பொருத்திய ரேசருக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்து சென்று வரும் இந்தியர் வேறெதைக் கற்காவிடினும் சவரம் செய்துகொள்ளக் கற்று வருவர் என்னும் பொருள்படக் காந்தியடிகளும் 'சத்திய சோதனை'யில் குறிப்பிடுகிறார்.

நுரை செய்யும் வேலை

நுரை வெறும் அலங்காரமன்று. உலர்ந்த மயிர் விறைப்பானது. நீரை உறிஞ்சினால் சிறிது பருத்து மென்மையாகும். அந்நீர் வழிந்தோடாமல் முகத்தில் தங்கச் செய்வதும், கத்தி வழுக்கிச் செல்லத் தோலின்மேல் ஒரு படலம் அமைப்பதும் நுரையின் பணிகள். சிலர் கிண்ணத்தில் நுரையைத் திரட்டி முகத்தில் பூசுவர். சிலர் சோப்பை முகத்திலேயே தேய்த்து அங்கேயே நுரை எழுப்புவர். எவ்வாறாயினும் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதே முறை. உப்புமிக்க கடின நீரில் சோப்பு திரிந்து போவதால் நுரை எளிதில் திரளாது. ஊர் மாறிக் குடியேறிய நம்மவர் பலர் இதைக் கண்கூடாகக் கண்டிருப்பர்.

நீரைத் தன்னுள் தேக்கிவைப்பதே நல்ல பிரஷின் இலக்கணம். இதில் 'பாட்ஜர்' என்னும் வளைதோண்டும் விலங்கின் மயிர் தலைசிறந்தது. பிரெஞ்சு மொழியில் அவ்விலங்குக்கும் சவர பிரஷுக்கும் 'பிளெரோ' என்னும் ஒரே பெயர் வழங்குகிறது. அதன் விலையோ மிகுதி. எனவே எளியோர்க்கெனப் பன்றி மயிரிலும் குதிரை மயிரிலும் பிரஷ்கள் செய்யப்பட்டன.

போரும் பிரஷும்

1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியர் குளோரின் நச்சுப் புகையை ஏவினர். சில நாள்களில் அக்களத்தில் இறங்கிய இந்தியப் படையின் லாகூர் டிவிஷனும் அப்புகைக்கு ஆளாயிற்று. அதன்பின் புகைக்காப்பு முகமூடி போர்வீரனின் உயிர்க்கவசமாயிற்று. முகமூடி தோலோடு இறுகப் பொருந்தவேண்டுமானால் தாடி இருத்தல் ஆகாது. ஆகவே நாள்தோறும் சவரம் செய்வது உயிர்காக்கும் கடமையாயிற்று. 1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கவே, பிரஷின் தேவை பன்மடங்கு பெருகியது.

போருக்கு முன் சைபீரியாவிலும் சீனாவிலும் கிடைத்த குதிரை மயிர், ஐரோப்பிய நிலையங்களில் தூய்மை செய்யப்பட்ட பின்னரே பிற நாடுகளுக்குச் சென்றது. போர் அவ்வழியை அடைத்தது. மயிர் தூய்மை செய்யப்படாமலே நேராகத் தொழிற்சாலைகளை அடைந்தது. பாட்ஜர் மயிர்போல் தோன்றுமாறு அதைப் பதப்படுத்தி மலிவாக விற்றனர். போலியின் தோற்றத்தில் செலுத்திய கவனம் அதன் தூய்மையில் செலுத்தப்படவில்லை.

அடைப்பான்

நம் நாட்டுக் கால்நடை வளர்ப்போர் 'அடைப்பான்' என்றழைக்கும் நோயே ஆந்த்ராக்ஸ். இதன் கிருமி வித்துகளாக மாறி மயிரிலும் மண்ணிலும் பல்லாண்டு உயிர்த்திருக்க வல்லது என்பதை ராபர்ட் கோக் 1876இல் விளக்கினார். சோப்பு நுரை அவ்வித்துகளை அழிப்பதில்லை. கத்தி பட்ட சிறு கீறலே அவற்றிற்கு வாயிலாகும். சில நாள்களில் முகத்திலோ கழுத்திலோ ஒரு கொப்புளம் எழும். அதன் நடுவே கரிய பொருக்கு தோன்றும். கரி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே இந்நோய்க்குப் பெயராயிற்று. பெனிசிலின் இல்லாத அந்நாளில் பலர் மாண்டனர். குண்டுக்கும் நச்சுப் புகைக்கும் தப்பியவரைச் சவரப் பெட்டி கொன்றது.

நோயுற்றோர் பலரும் புதிய பிரஷ் வாங்கியவர் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். பிரஷ்களிலிருந்தே கிருமியையும் பிரித்தெடுத்தனர். முதலில், பிரஷை ஃபார்மலின் கரைசலில் மணிக்கணக்கில் ஊறவைக்குமாறு மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. பதுங்குகுழியில் கிடக்கும் போர்வீரன் ஃபார்மலினுக்கு எங்கே போவான்? நோயைத் தடுக்கும் பொறுப்பைப் பொருளை வாங்குவோன் தலையில் சுமத்துவது பயன் தராது என்பது விரைவில் புலனாயிற்று. பிரிட்டன் 1919இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் இயற்றியது. 1920இல் ஜப்பானிய சவர பிரஷ்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அமெரிக்காவும் மயிரைத் தூய்மை செய்ய விதிகள் வகுத்தது. அதன்பின் இந்நோய் படிப்படியாக அருகியது.

நாம் அறிய வேண்டுவது

தூய்மை என்பது தனிமனிதனின் கைகழுவலோடு முடிவதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. சைபீரியப் புல்வெளியில் மாண்ட குதிரைக்கும் லண்டன் எழுத்தரின் கழுத்துக்கும் இடையே எத்தனை கைகள்! அவற்றுள் ஒரு கை கடமை தவறினாலும் முகமறியா ஒருவன் உயிரிழக்கிறான்.

இக்கதை முற்றிலும் பழங்கதையும் ஆகிவிடவில்லை. பழைய பிரஷ்களைத் தேடி வாங்கும் ஆர்வம் மீண்டும் தலைதூக்கியதைக் கண்டு, அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்விதழில் 2017இல் வெளியான ஒரு கட்டுரை இவ்வரலாற்றை நினைவூட்டியது. ஆபத்து மிகச் சிறிதே, எனினும் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை என்பதே அதன் சாரம். நம் இல்லங்களிலும் ஊரைவிட்டு வரும்போது கொண்டுவந்த தகரப் பெட்டியின் அடியில், பாட்டனாரின் பிரஷும் கிண்ணமும் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றைப் போற்றிக் காப்போம். பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டி அவர் கதையையும் சொல்வோம். நுரை எழுப்புவதற்கு மட்டும் புதிய பிரஷ் ஒன்றை வாங்கிக்கொள்வோம்.