வீட்டுக் குழாய்த்தொழிலில் தொழிற்பழகுநர் பயிற்சி

வீட்டுக் குழாய்த்தொழிலில் தொழிற்பழகுநர் பயிற்சி என்பது, குடியிருப்புகளில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கழிப்பறைக் கருவிகள் ஆகியவற்றை அமைக்கவும் பழுது பார்க்கவும் புதியவர் ஒருவர் தேர்ந்த பணியாளரின் கீழ் இருந்து கற்றுக்கொள்ளும் முறையாகும். இக்கட்டுரை இந்தியாவில் உள்ள நிலையை விவரிக்கிறது. தொழிற்சாலைகளிலும் பெரிய கட்டுமானங்களிலும் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி அலுவலர் இருப்பதுண்டு. வீட்டுப் பழுது வேலையில் மேஸ்திரி, பழகுநர், வீட்டுக்காரர் ஆகியோரைத் தவிர வேறு எவரும் இருப்பதில்லை. ஆகவே இத்தொழிலில் பாதுகாப்பைக் கைவேலையோடு சேர்த்தே கற்பிக்க வேண்டியுள்ளது.

பயிற்சி பெறும் வழிகள்

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் பயிற்சியாகும். குழாய் வெட்டுதல், மரை போடுதல், இணைப்புகள், வரைபடம் படித்தல் ஆகியவை இதில் கற்பிக்கப்படுகின்றன. ஒப்புநோக்க, செருமனியில் இத்தொழிலுக்கான பழகுநர் காலம் மூன்றரை ஆண்டுகள்.

ஆயினும் பெரும்பாலோர் மேஸ்திரி ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்தே தொழில் கற்கின்றனர். ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டம், குறிப்பாகப் பட்டாமுண்டை வட்டாரம், இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இந்திய நகரங்கள் பலவற்றில் வேலை செய்யும் குழாய்ப் பணியாளர்கள் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். முன்னர் சென்ற உறவினர் இளையவரை அழைத்துச் சென்று தொழில் பழக்குவது அங்கு தலைமுறைகளாக நடந்து வருகிறது. இம்முறையில் கைத்திறன் விரைவில் வந்துவிடும். மேஸ்திரியின் தவறான பழக்கங்களும் அதனுடன் சேர்ந்தே வரும்.

கற்கும் பொருள்கள்

பழகுநர் முதலில் கருவிகளை எடுத்துக் கொடுக்கிறார். பின்னர் அளவெடுத்து வெட்டுகிறார். இணைப்புகளைத் தனியே செய்வது அதன் பிறகே. மரைக்கு டேப் சுற்றும்போது இணைப்பு முறுக்கப்படும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது அவிழ்ந்து விடும். சாதாரண பிவிசி குழாய் வெந்நீரில் இளகும் என்பதால் கீசர் இணைப்புக்குச் சிபிவிசி குழாய் பயன்படுகிறது.

செய்முறையை விடக் காரணம் அறிதல் முக்கியமானது. மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் குழாய்முனையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், சதுரச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் கிடைக்கும். தரைத்தளத்தில் நன்றாக நீர் வரும் வீட்டின் மாடிக் குளியலறையில் சொட்டுவது ஏன் என்பதை இதைக்கொண்டே விளக்கலாம். வளைகுழாயில் தேங்கி நிற்கும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீர்தான் சாக்கடை வளி வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. பல மாதங்கள் பூட்டிக் கிடந்த வீட்டில் துர்நாற்றம் வந்தால் குழாயை உடைக்கத் தேவையில்லை. வற்றிய வளைகுழாயில் ஒரு வாளி நீர் ஊற்றினால் போதும்.

பணிப் பாதுகாப்பு

மோட்டார், கீசர் ஆகியவற்றில் கை வைக்குமுன் மின்சாரத்தை முதன்மை இணைப்பிலேயே துண்டித்து, டெஸ்டரால் சோதிக்க வேண்டும். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. தவறான மின்னிணைப்பில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும்.

அடைப்பெடுக்கப் போகும் பழகுநர், அதில் ஏற்கெனவே என்ன ஊற்றப்பட்டது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டறிய வேண்டும். குளியலறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வளி உண்டாகும். காஸ்டிக் சோடா ஊற்றிய வளைகுழாயைத் திறக்கும்போது கண்ணில் தெறித்தால் பார்வை போகக்கூடும்.

ஆழமான பள்ளத்தின் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் உள்ளே இறங்கலாகாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் அளவுக்கு எடை கொண்டது. மார்பளவு புதைந்தவரால் மூச்சுவிட இயலாது.

தொட்டிக்குள் இறங்குதல்

உயிரிழப்புகளில் கொடியது தொட்டிக்குள் நேர்வதாகும். உடல் சிறுத்தவர், வயதில் இளையவர் என்பதால் குறுகிய வாயில் வழியாகப் பழகுநரையே இறங்கச் சொல்லும் வழக்கம் உள்ளது. செப்டிக் தொட்டியில் ஐதரசன் சல்பைடு, மெத்தேன் ஆகிய வளிகள் சேர்ந்திருக்கும். ஐதரசன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் தரும். பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 100 பங்குக்கு மேற்பட்டால் மோப்ப உணர்வே மழுங்கிவிடும். ஆகவே நாற்றம் நின்றது என்பது ஆபத்து நீங்கியதன் அடையாளம் அன்று.

விளக்கை ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழைய முறையும் நம்பத்தக்கதன்று. காற்றில் 21 விழுக்காடு அளவில் இருக்க வேண்டிய ஆக்சிசன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனாலே அது குறைபாடாகக் கருதப்படுகிறது; சுடரோ ஏறத்தாழ 16 விழுக்காடு வரை எரியும். நச்சு வளியை அது காட்டாது. மெத்தேன் இருந்தால் தீப்பற்றவும் கூடும். வளிகளை அளக்கும் கருவியே சரியான சோதனை.

புதிய தொட்டியில் ஆபத்தில்லை என்ற எண்ணமும் தவறு. மூடிய தொட்டியில் ஈரத்தில் ஊறிய மரப்பலகைகள் ஆக்சிசனைக் குறைத்துவிடும். சென்டரிங் பிரிக்க இறங்கியவர்கள் தமிழ்நாட்டில் இறந்துள்ளனர். நீர் இறைக்கப் பெட்ரோல் எஞ்சினைச் சம்புக்குள் வைத்து இயக்கினால் கார்பன் மோனாக்சைடு நிறையும்.

விழுந்தவரைத் தூக்கக் குதித்த இரண்டாமவரும் மூன்றாமவரும் இறப்பது இவ்விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. எனவே பழகுநருக்குச் சொல்லித் தர வேண்டியது இரண்டு: மேஸ்திரி சொன்னாலும் இறங்க மறுப்பது, மேஸ்திரியே விழுந்தாலும் பின்தொடர்ந்து குதிக்காமல் தீயணைப்புத் துறையை அழைப்பது. இரண்டாவதைக் கற்பிப்பதே கடினம்.

சட்ட நிலை

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் எழுத்து ஒப்பந்தம், உதவித்தொகை, விபத்துக்கு இழப்பீடு ஆகியவற்றை வகுத்துள்ளது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆபத்தான தொழில்களில் பழகுநராகச் சேரக் குறைந்த வயது 18. ஆனால் 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களையே பழகுநரை அமர்த்தக் கட்டாயப்படுத்துகிறது. 4 பேருக்குக் குறைந்த இடங்கள் இத்திட்டத்துக்குள் வரவில்லை. ஒரு மேஸ்திரியும் ஒரு கையாளும் கொண்ட வீட்டுச் சேவை இவ்வகையில் வெளியே நின்றுவிடுகிறது.

பாதுகாப்பு ஏற்பாடின்றிச் செப்டிக் தொட்டியைத் துப்புரவு செய்ய ஆள் அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; இத்தடை தனியாருக்கும் பொருந்தும். முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சாக்கடையிலும் செப்டிக் தொட்டியிலும் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது.