காஸ்வினில் பிறந்த ஏழு கேள்விகள்

2020 பிப்ரவரி 19 அன்று, கோம் நகரில் கொரோனாவால் இருவர் இறந்ததாக ஈரான் அரசு அறிவித்தது. அடுத்த சில வாரங்களில், சாராயம் குடித்தால் கிருமி அண்டாது என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்த நூற்றுக்கணக்கானோர் அங்கே மாண்டார்கள். கொரோனா பயத்தை அளக்க ஒரு கருவி முதலில் அந்த நாட்டில் உருவானதில் வியப்பில்லை.

தெஹ்ரானுக்கு வடமேற்கே இருக்கும் காஸ்வின் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அமீர் பக்பூர், ஹாங்காங்கில் பணியாற்றிய டேனியல் அஹோர்சு, சுங்-யிங் லின், நாட்டிங்காமின் மார்க் கிரிஃபித்ஸ் உள்ளிட்ட சிலர் அந்தப் பணியில் இறங்கினார்கள். பயத்தை அளக்க ஏற்கெனவே இருந்த அளவுகோல்களைப் புரட்டினார்கள். நிபுணர்களிடமும் பொதுமக்களிடமும் பேசினார்கள். எழுதிய வாக்கியங்களைச் சலித்துச் சலித்து ஏழில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஈரானியர் 717 பேரிடம் சோதித்த அந்த அளவுகோல் மார்ச் மாதக் கடைசியில் ஆய்விதழில் வெளிவந்தது. சாதாரணமாக ஓர் உளவியல் அளவுகோல் உருவாகப் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள்கூட ஆகும்.

வாக்கியங்கள் எளிமையானவை. கொரோனாவை நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது, செய்தியைப் பார்த்தால் பதற்றமாகிறது, தொற்றிவிடுமோ என்ற கவலையில் தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது, இந்த நோயில் உயிர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்கிற ரகம். ஒவ்வொன்றுக்கும் 'அறவே ஏற்கவில்லை' தொடங்கி 'முழுவதும் ஏற்கிறேன்' வரை ஐந்து படிகள். 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் போட்டுக்கொடுத்த பாதைதான் இது. குறைந்த மதிப்பெண் 7, அதிகபட்சம் 35. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அறிவியல் சிறப்பைவிட இந்தச் சுருக்கம்தான் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது என்பது என் கணிப்பு.

வங்கதேசத்தில் ஏப்ரலின் முதல் பத்து நாட்களுக்குள் இணையம் வழியே 8,550 பேர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். துருக்கி, இத்தாலி, இஸ்ரேல், ஜப்பான், பெரு என்று பயணம் நீண்டது. ஊரடங்கில் வீடு வீடாகப் போக வழியில்லாததால் பெரும்பாலும் எல்லாமே கைபேசித் திரையில்தான் நடந்தன. கைபேசி இல்லாதவரின் பயம் இந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

போன இடங்களில் எல்லாம் அது ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை. இத்தாலியிலும் துருக்கியிலும் ஏழுக்கான பதில்களும் சேர்ந்தே ஏறி இறங்கி ஒரே கொத்தாக நின்றன. இஸ்ரேலிலும் ஜப்பானிலும் இரண்டாகப் பிரிந்தன: வேர்வை, தூக்கம், படபடப்பு ஆகிய உடல் சங்கதிகள் ஒரு பக்கம், மனசின் கலக்கம் மறுபக்கம். யோசித்தால் இது நியாயம்தான். "பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுகிறவர்கள் எந்த ஊரில் இல்லை?

இன்னொரு சிக்கல், எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்பது. உருவாக்கியவர்கள் அப்படிக் கோடு எதுவும் போடவில்லை. பிறகு கிரேக்க நாட்டு ஆய்வு ஒன்று 16.5 என்று சொன்னது. மற்ற நாட்டவரும் அதை எடுத்தாண்டார்கள். கூட்டிப் பாருங்கள். ஏழுக்கும் நடுப்படியில், அதாவது 'இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை' என்று குறிப்பவருக்கு 21 வந்துவிடும். எதையும் ஏற்காத, எதையும் மறுக்காத அந்த மனிதர் கோட்டைத் தாண்டிய பயந்தாங்கொள்ளி ஆகிவிடுகிறார். பல்லாயிரம் பேரில் இத்தனை சதவீதம் கடும் அச்சத்தில் இருக்கிறார்கள் என்ற தலைப்புச் செய்தியைப் படிக்கும்போது இந்தக் கூட்டலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கருவி தந்த சுவாரசியமான முடிவு பிரிட்டனிலிருந்து வந்தது. உளவியலாளர் கிரெய்க் ஹார்ப்பரும் உடன் ஆய்வாளர்களும் மக்கள் கை கழுவுவதையும் விலகி இருப்பதையும் எது தீர்மானிக்கிறது என்று தேடினார்கள். அரசியல் சார்பு எடுபடவில்லை. இந்த ஏழு கேள்விகளில் வந்த பயத்தின் அளவுதான் நடத்தை மாற்றத்தோடு ஒட்டிப் போனது. குணப்படுத்த வேண்டிய நோயாகக் கருதி அளக்கத் தொடங்கிய அதே பயம்தான் ஆட்களை வீட்டுக்குள் இருத்தியிருக்கிறது. பயத்தைப் போக்குவதா, அளவோடு வைத்துக்கொள்வதா என்று அரசுக்கு அறிவுரை சொல்ல வந்தவர்களுக்குத்தான் சங்கடம்.

2022இல் குரங்கம்மை பரவியபோது சில ஆய்வாளர்கள் பழைய தாளை எடுத்து, நோயின் பெயரை மட்டும் மாற்றி, அதே ஏழையும் மறுபடி கேட்டார்கள். அதிலும் நடுப்படியில் நிற்பவருக்கு 21தான்.