ஒரே கடிதம், இரண்டு கப்பல்: முத்துக்குளித்துறை ஆவணங்களும் வீட்டு நாஸ் பெட்டியும்

தூத்துக்குடியில் வீட்டில் இருந்தபடியே உள்ளூர் வரலாறு தேடுகிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். தோணிக் கணக்குப் புத்தகம், பழைய கிரயப் பத்திரம், குடும்பப் புகைப்படம் என்று எதைக் கண்டாலும் ஸ்கேன் பண்ணி வைக்கிறோம். லேப்டாப் நிறைந்து போனதும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: வீட்டுக்கு எந்த நாஸ் பெட்டி வாங்கலாம்? நாஸ் என்றால் வேறொன்றும் இல்லை, ரவுட்டரோடு இணைத்து, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்துகிற ஹார்ட் டிஸ்க் பெட்டி. பெட்டியைப் பற்றிப் பிறகு பேசலாம். இந்தக் கரையின் பழைய காகிதங்கள் எப்படிப் பிழைத்தன என்று முதலில் பார்த்துவிட்டால், கடையில் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும்.

முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார் (என்ரிக்கே என்ரிக்கஸ்) 1578 அக்டோபரில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். மொத்தமே 16 பக்கம். இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. இன்று நமக்குத் தெரிந்த ஒரே பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1586இல் அச்சான அவருடைய 'அடியார் வரலாறு' நூலைத் தேடினால் வத்திக்கான் நூலகத்துக்குப் போக வேண்டும். போர்த்துகீசிய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில். 1600இல் அவர் காலமானது இங்கே பக்கத்தில் புன்னைக்காயலில்தான், அடக்கம் செய்ததும் தூத்துக்குடியில்தான். ஆள் இங்கே, எழுத்து அங்கே.

இதைச் சொன்னால் உடனே "வெள்ளைக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்" என்பார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கேயே இருந்தவற்றின் கதையையும் பார்க்கணுமில்லையா? உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள் என்ற பதில்தான் கிடைத்தது. கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, சாஸ்திரப்படி செய்ததாகத்தான் சொன்னார்கள். ஓலை என்றைக்கும் நிரந்தரமாக இருந்ததில்லை. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். பழசு சிதையும் முன்னால் ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் எழுதியாக வேண்டும். நம் இலக்கியம் பிழைத்தது அந்தப் பிரதி எடுத்த கைகளால்தான். எழுதுவதை ஒரு தலைமுறை நிறுத்தினால் நூல் போச்சு.

இதையே நிறுவன ஒழுங்காகச் செய்தவர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். இந்தக் கரை கொழும்பு ஆளுநரின் நிர்வாகத்தின்கீழ் வந்தது. இங்கே சிப்பிப் பாரில் என்ன நிலவரம், எத்தனை படகு இறங்கியது, துணி வியாபாரம் எப்படி என்று எழுதியதெல்லாம் முதலில் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து படாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) நெதர்லாந்துக்கும் போகும். போகும் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தர்கள் பிரதி எடுப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் முக்கியமான கடிதங்களை ஒரே கப்பலில் அனுப்புவதில்லை. ஒரு பிரதி ஒரு கப்பலில், இன்னொன்று வேறொரு கப்பலில். ஆம்ஸ்டர்டாம் கிளைக்கு ஒன்று, ஜீலாந்து கிளைக்கு ஒன்று. ஒரு கப்பல் புயலில் மூழ்கினாலும் மற்றது போய்ச் சேர்ந்துவிடும். பதவி விட்டுப் போகிற ஆளுநர் அடுத்தவருக்காக ஒரு நீண்ட குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்றும் ஏற்பாடு இருந்தது. கொழும்பு ஆளுநர்களின் அந்தக் குறிப்புகளில் முத்துக்குளிப்பும் வரும்.

கம்பெனி 1799 முடிவில் கலைந்தது. தூத்துக்குடி 1825இல் ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் காகிதங்கள் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் என்று ஐந்து ஊர்களில் இன்றும் இருக்கின்றன, மொத்தம் சுமார் 2.5 கோடிப் பக்கம். (சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள டச்சுத் தொகுதிகள் பெரும்பாலும் கொச்சி சம்பந்தப்பட்டவை, தூத்துக்குடி என்று ஆசையோடு போகிறவர்கள் கவனிக்கணும்.) யுனெஸ்கோ 2003இல் இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பாசத்தால் காத்தவர்கள் அல்ல இவர்கள், லாபக் கணக்குக்காகக் காத்த வியாபாரிகள். அதனால்தான் கம்பெனிக்குத் தேவைப்பட்டது மட்டும் ஐந்து ஊரில் இருக்கிறது. மூச்சடக்கிக் கடலில் இறங்கியவர், கயிறு பிடித்த மண்டாடி, கரையில் சிப்பி வாங்கியவர், இவர்கள் வைத்திருந்த கணக்குக்கு இரண்டாவது பிரதி எடுக்க ஒரு கம்பெனியும் இல்லை. பரதவர் ஜாதித்தலைவருக்கு முத்துக்குளிப்பில் சில படகுகளுக்கான சலுகை ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. அந்த மாதிரி உரிமைக்கெல்லாம் பழைய காகிதம்தான் ஆதாரம். காகிதம் உள்ளவனுக்குப் படகு, இல்லாதவனுக்கு வாய்ச்சொல்.

இந்தப் பக்கத்துக் கடைசி முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. நேரில் பார்த்தவர்கள் ரொம்பவும் வயதானவர்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதமும், நாம் எடுத்து வைத்திருக்கும் குரல்பதிவும்தான் இனி மிச்சம். வீட்டு நாஸ் என்பது நமக்குப் படம் பார்க்கிற பெட்டி இல்லை என்பதை இதற்காகத்தான் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன்.

சரி, மேசைக்கு வருவோம். இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி வாங்கினால், கடைக்காரர் 'ரெய்டு 1' போட்டால் பயமில்லை என்பார். ரெய்டு என்ற யோசனை பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் பேர் வாங்கியது. விலை மலிவான சிறு டிஸ்க்குகளைச் சேர்த்தால் பெரிய டிஸ்க்குக்கு ஈடாகும், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது என்பது அதன் சாரம். ரெய்டு 1இல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம் இருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்கும். ஆனால் நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். டச்சுக்காரன் பாஷையில் சொன்னால், இரண்டு பிரதியையும் ஒரே கப்பலில் ஏற்றுவது.

வெள்ளம் என்பது இங்கே வெறும் உதாரணம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடியில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது, கரண்ட் இல்லை. தரைத்தளத்தில் மேசைக்குக் கீழே நாஸ் வைத்திருந்தால் எத்தனை டிஸ்க் இருந்து என்ன? மாடியில், ஆள் உயரத் தட்டில் வையுங்கள். கடல் காற்று உப்போடு வருவதால் ஜன்னலோரமும் கூடாது, இணைப்புகள் துருப்பிடிக்கும். யூபிஎஸ் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெடலாம்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஏ4 பக்கத்தை 400 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால் சுமார் 46 எம்பி வரும். 300 பக்கப் புத்தகம் என்றால் 14 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் 280 புத்தகம் போல அடங்கும். தனி ஆளுக்கு இது நிறையவே போதும். நான்கு டிஸ்க், எட்டு டிஸ்க் பெட்டி என்று போகத் தேவையில்லை. அந்தக் காசை இன்னொரு டிஸ்க்குக்கும் யூபிஎஸ்ஸுக்கும் போடுங்கள்.

பெட்டியில் நான் பார்ப்பது இரண்டு வசதி. ஒன்று ஸ்னாப்ஷாட், நேற்று இருந்த நிலையை அப்படியே திரும்ப எடுக்க முடியணும். இரண்டாவது, கோப்பு சத்தமில்லாமல் கெட்டிருக்கிறதா என்று அவ்வப்போது தானே சரிபார்த்துச் சொல்லணும். 'பிடிஆர்எஃப்எஸ்' அல்லது 'இசட்எஃப்எஸ்' கோப்பு முறை உள்ள பெட்டிகளில் இவை உண்டு. வெளியூரிலிருந்து திறக்கலாமே என்று பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். 2022இல் பரவிய டெட்போல்ட் பணயத்தாக்குதல் அப்படித் திறந்து கிடந்த பெட்டிகளைத்தான் பூட்டியது.

அடுத்து, இரண்டாவது கப்பல். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். 2 டிபியை 50 எம்பிபிஎஸ் வேகத்தில் மேகச் சேமிப்புக்கு ஏற்றினால் தடையில்லாமல் ஓடினாலே நாலு நாள் ஆகும், மாதாமாதம் வாடகையும் வரும். மாற்று வழி எளிது. ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, கடலுக்குத் தள்ளி இருக்கிற மதுரையிலோ திருச்சியிலோ சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் வைப்பது. பொங்கலுக்கும் ஆடிக்கும் போகும்போது புது டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வந்தால் ஆச்சு. வாங்கி வந்ததும் அதில் பத்துக் கோப்பையாவது திறந்து பாருங்கள். டிஸ்க்கின் மேல் வெறும் 'பேக்கப் 2' என்று எழுதாமல், யார் வீட்டுக் காகிதம், எந்த ஊர், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பிறகு அதைத் திறக்கப் போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.