தொடுதலை அறியும் இசைக்கருவி: ஒரு வரலாற்று நோக்கு

நமது திருச்சபைகள் பலவற்றில் ஆர்மோனியமும் குழாய் ஆர்கனும் வகித்த இடத்தை இன்று மின்னணு இசைக்கருவி ஏற்றுள்ளது. அசலைப் போல ஒலிக்கும் போலியை ஆலயத்தில் வைப்பது தகுமோ என்ற வினாவும் அவ்வப்போது எழுகின்றது. விடை காணுமுன் அக்கருவியின் வரலாற்றை அறிதல் நன்று.

குழாய் ஆர்கனில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறாது. தந்தியை இறகுக்காம்பால் மீட்டும் ஹார்ப்சிகார்டும் பெரும்பாலும் அத்தகையதே. இக்குறையை நீக்கியவர் பிளாரன்ஸ் நகரில் மெதிச்சி குடும்பத்தின் பணியிலிருந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி. மென்மையும் உரப்பும் தரவல்ல அவரது கருவி, அக்குடும்பத்தின் 1700ஆம் ஆண்டு இசைக்கருவிப் பட்டியலில் குறிக்கப்பட்டுள்ளது. அதில் கட்டை ஒரு சுத்தியலைத் தந்தியை நோக்கி எறிகின்றது. தந்தியைத் தொடுமுன்னரே சுத்தியல் கட்டையினின்று விடுபட்டுவிடும். ஆகவே விரல் சுத்தியலுக்கு அளிக்கக்கூடியது வேகம் ஒன்றே. பின்வந்த வரலாறு இவ்வுண்மையைச் சார்ந்தே நிற்கின்றது.

மின்சாரத்தால் ஒலிக்கும் கருவிகளுள் ஆலயங்களில் மிகுதியாக இடம்பெற்றது, 1935இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் வெளியிட்ட ஆர்கன். காந்தத்தின் அருகே சுழலும் உலோகச் சக்கரங்களே அதன் ஒலிக்கு மூலம். அது குழாய் ஆர்கனுக்கு நிகரானது என்ற விளம்பரத்தை எதிர்த்து அந்நாட்டு வணிக ஆணையம் 1936இல் வழக்குத் தொடுத்தது. சிகாகோ பல்கலைக்கழக ஆலயத்தில் இரு கருவிகளையும் ஒப்பிட்டுச் சோதனை நடைபெற்றது. இசை வல்லுநரும் பலமுறை வேறுபாடு அறியாது தவறினர். எனினும், குழாய் ஆர்கனின் ஒலிவண்ணங்கள் அனைத்தையும் தரும் என்பது போன்ற கூற்றுகளைக் கைவிடுமாறு ஆணையம் 1938இல் கட்டளையிட்டது. செவி ஏமாறியதனால் கூற்று மெய்யாகிவிடாது என்பது நாம் பெறும் பாடம்.

அவ்வார்கனும் தொடுதலை அறியாதது. மின்சாரத்தையும் தொடுதலையும் இணைத்தவருள் ஹாரோல்ட் ரோட்ஸ் குறிப்பிடத்தக்கவர். இரண்டாம் உலகப் போரின்போது, காயமுற்றுப் படுக்கையிலிருந்த விமானப்படையினர் வாசிக்கத்தக்க சிறு பியானோவை விமானங்களின் அலுமினியக் குழாய்களால் அவர் அமைத்தார். சுத்தியல் உலோகக் கம்பியை அடிக்க, அதன் அதிர்வு மின்குறியாக மாறும் பியானோவை அவர் பின்னர் உருவாக்கினார்.

சுத்தியலும் தந்தியும் ஒலியெழுப்பாத கருவி வேகத்தை அறிவது எங்ஙனம்? 1974இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தொடுதலை உணரும் மின்னணுப் பியானோவை வெளியிட்டது. இன்று பரவலாக வழங்கும் முறையில், கட்டையை அழுத்துகையில் இரு தொடுமுனைகள் அடுத்தடுத்து இணைகின்றன. இடைப்பட்ட நேரம் குறுகினால் வேகம் மிகுதி என்று கருவி கணிக்கின்றது. 1983இல் ஏற்பட்ட ‘மிடி’ என்னும் பொது விதி அவ்வேகத்தை 1 முதல் 127 வரையுள்ள எண்களாகக் குறித்தது. 1984இல் வந்த குர்ஸ்வைல் 250 அசல் பியானோவின் ஒலிப்பதிவுகளை நினைவகத்தில் கொண்டிருந்தது. இன்றைய கருவிகள் பல, மென்மையாகவும் உரப்பாகவும் எடுத்த பதிவுகளினின்று வேகத்திற்கேற்றதைத் தெரிந்தெடுத்து ஒலிக்கின்றன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஒலி இரவல், தொடுதலோ இரவலன்று. கிறிஸ்தோஃபோரியின் சுத்தியல் விரலிடம் கேட்ட அதே வேகத்தையே இரு தொடுமுனைகளும் கேட்கின்றன. எனவே கருவியை அஞ்சவேண்டியதில்லை. அசலென்று பாராட்டவும் வேண்டியதில்லை. தானியங்கித் தாளத்திடம் பாடலை ஒப்புவித்து, மனந்திரும்புதலின் பாடலையும் உயிர்த்தெழுதலின் பாடலையும் ஒரே உரப்பில் வாசிப்போமாயின், 127 படிகளும் வீணே. உயிரற்ற கருவியும் வேறுபாடு காட்டி ஒலித்தாலன்றி வாசிக்கப்படுவது விளங்காது என்று பவுல் கொரிந்தியருக்கு நினைவூட்டினார். புதிய கருவிக்கு நிதி திரட்டும் சபை, அதன் முன் அமரும் இளைஞனைப் பயிற்றுவிக்கவும் ஒரு பங்கை ஒதுக்குமாக.