ஈரோட்டுப் பையனும் சட்டைக்கைக் கடலும்

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு வழிப் பாடத்தில் ஆங்கிலக் கால்வாய் என்ற பெயரே கிடையாது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'லா மான்ஷ்', அதாவது சட்டைக் கை. படத்தில் பார்த்தால் கிழக்கே போகப் போகக் குறுகி, மணிக்கட்டுப் பக்கம் முடிகிற சட்டைக் கை போலத்தான் இருக்கும். அந்தக் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். பிரான்ஸ் கரையில் உள்ள முனைக்கு 'காப் க்ரி நே' என்று பெயர். சாம்பல் மூக்கு முனை என்று சொல்லலாம்.

1994ல் அந்தச் சட்டைக்கையை நீந்திக் கடந்தவர்களில் நம் ஈரோட்டில் பிறந்த பையன் ஒருவன் உண்டு. குற்றாலீஸ்வரன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது நிரம்பவில்லை. (இன்று அவர் நடுவயதுக்காரர். ஆனாலும் அந்த வருஷத்தைப் பற்றி எழுதும்போது 'அவன்' என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) பெயரிலேயே அருவி இருக்கிறது, நீந்தாமல் என்ன செய்வான் என்று எங்கள் அலுவலகத்தில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டோம். பாக் ஜலசந்தியும் ஆங்கிலக் கால்வாயும் உட்பட ஒரே ஆண்டில் ஆறு கடற்பகுதிகளைக் கடந்தான். அதற்கு முன் கல்கத்தா வழக்கறிஞர் மிஹிர் சென் 1966ல் ஒரே ஆண்டில் ஐந்தைக் கடந்ததுதான் சாதனையாக இருந்தது. சென் பாக் ஜலசந்தியைக் கடக்க 25 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன.

கால்வாய் நீச்சலின் விதிகள் கொடுமையானவை. குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை கூடாது, சாதாரண நீச்சல் உடைதான். உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொள்ளலாம். படகு கூடவே வரும், ஆனால் அதைக் கையால் தொட்டால் எல்லாம் போச்சு. சாப்பாட்டைக் கயிற்றிலோ கோலிலோ கட்டித்தான் நீட்டுவார்கள். நீரோட்டம் இழுப்பதால் நேர்கோட்டில் போக முடியாது, 33 கிலோமீட்டர் நீளுவது சகஜம். தண்ணீரின் வெப்பம் கோடையிலேயே 15 முதல் 18 டிகிரிதான். ஊட்டியில் மார்கழிக் காலையில் வாளித் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இது விளையாட்டல்ல என்பதற்கு நம்மவரே சாட்சி. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ல் பாக் ஜலசந்தியை ஒரே மூச்சில் போய்த் திரும்பி நீந்தியவர். பல கின்னஸ் சாதனைகளுக்குச் சொந்தக்காரர். 1984 ஆகஸ்டில் அதே ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது இறந்துபோனார்.

இதையெல்லாம் இப்போது ஏன் தோண்டுகிறேன் என்றால், வீட்டில் பதினாறு வயதுப் பேரன் ஒருவன் இருக்கிறான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் செய்கிற நெடுந்தூரப் போட்டிக்குத் தயாராகிறானாம். காலை ஐந்து மணிக்கு சைக்கிளில் பொள்ளாச்சி ரோட்டில் கிளம்பிவிடுகிறான். மருமகளுக்கு ப்ளஸ் டூ கவலை. மகனுக்கு லாரிக் கவலை. எனக்கு இரண்டும் உண்டு, கூடவே சரித்திரம் பார்க்கிற பழைய வியாதியும்.

மூன்றையும் சேர்ப்பது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று அவன் சொன்னான். நான் விடவில்லை. 1920களிலேயே பிரான்சில் 'மூன்று விளையாட்டுகள்' என்ற பெயரில் ஓட்டமும் சைக்கிளும் மார்ன் ஆற்று நீச்சலுமாகப் பந்தயம் நடந்திருக்கிறது. ஆனால் நெடுந்தூரம் என்பது ஹவாய்க்காரர்கள் வேலைதான். நீச்சல்காரன் பலசாலியா, சைக்கிள்காரனா, ஓடுகிறவனா என்று ஒரு வாக்குவாதம். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அங்கே ஏற்கெனவே இருந்த மூன்று பந்தயத் தூரங்களையும் ஒன்றாகக் கோத்துவிட்டார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். 1978 பிப்ரவரி 18ல் 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவருக்கே பதினொன்றே முக்கால் மணி நேரம். கோவையிலிருந்து சேலம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். அதைவிட அதிகத் தூரம் மிதித்துவிட்டு அதற்குப் பிறகு ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

ஆரம்பத்தில் வயது பார்க்கவில்லை. பதினான்கு வயதுப் பையன்கூட அதை முடித்திருக்கிறான். இன்று 18 ஆகாமல் அந்தப் போட்டியில் நிற்க முடியாது, பாதித் தூரப் போட்டிக்கும் அதே கதைதான். 2019ல் கோவாவில் தொடங்கினார்களே, அது இந்தப் பாதித் தூரம். ஆங்கிலக் கால்வாய்க்கும் இப்போது 16 வயது வேண்டும். ஆகவே குற்றாலீஸ்வரன் செய்ததை இன்று ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் முறைப்படி செய்ய வழியே இல்லை. வளர்கிற வயதில் எலும்பின் நுனிகள் இன்னும் குருத்தாகவே இருக்கும், ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் செய்தால் அங்கேதான் அடிபடும் என்கிறார்கள் மருத்துவர்கள். எனக்கு இந்த வயது வரம்பு சரியென்றே படுகிறது. பேரனுக்குப் படவில்லை.

எதிர் வீட்டுக் கவுண்டர், கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர், இந்தப் பயிற்சிப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார். "எனக்கு ஏழு வயசுங்க. எங்கப்பாரு இடுப்புல சொரப்புருடையக் கட்டி, கெணத்து மேட்டுல இருந்து தள்ளி உட்டுட்டாருங்க. நாலாம் நாளு புருடையக் கழட்டிப்போட்டாருங்க" என்றார். கடலில்லாத கொங்கு நாட்டில் பிள்ளைகள் நீந்தப் பழகியது இப்படித்தான். பாறையில் வெட்டிய சதுரக் கிணறு, படிக்கட்டு, மேலே கவலை. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது, கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் பட்டறைகள் பெருகின, தண்ணீர் கீழே கீழே போயிற்று. இன்று ஆயிரம் அடி ஆழ்குழாய்க் கிணறு. அதில் யார் குதிப்பது? பேரன் கட்டணம் கட்டி, ஓடு பதித்த குளத்தில் இங்குமங்குமாக நீளம் எண்ணுகிறான்.

குற்றாலீஸ்வரன் சென்னையில் பயிற்சி பெற்றவர். 1996ல் அர்ஜுனா விருது கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு கடலுக்கும் பயணம், படகு, தங்குமிடம் என்று லட்சக்கணக்கில் பணம் வேண்டும், ஆதரவு தருவோர் போதவில்லை. பதின்பருவம் முடிவதற்குள் போட்டி நீச்சலை விட்டுவிட்டு, பொறியியல் படித்து அமெரிக்கா போனார். கிரிக்கெட்டாக இருந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

பேரனிடம் இந்தக் கதையை முழுதும் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "அவங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நீந்துனாங்க தாத்தா?" பதினெட்டுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரை குறுகிய தூரப் போட்டிகள் மட்டும், விடிந்த பிறகே சைக்கிள், பின்னால் சிவப்பு விளக்கு. இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டிருக்கிறான். புதிய சைக்கிளின் விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். என் இரண்டு மாத ஓய்வூதியம்.